மின்சாரம் போனால் ஊமையாகும் தொலைபேசிக்கு நான் ஏன் வாடகை கட்ட வேண்டும்?

எங்கள் வீட்டுத் தொலைபேசியையும் அதே கம்பியில் வரும் இணையத்தையும் நிறுத்திவிட்டு, அவற்றுக்குப் பதிலாக 4ஜி ரவுட்டர் ஒன்றைத் தரப்போவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. எங்களிடம் கேட்கவில்லை, அறிவித்திருக்கிறது. 051 என்று தொடங்கும் பழைய எண் மாறாது, வேகம் கூடும், தொலைபேசியை ரவுட்டரின் பின்புறத்தில் சொருகினால் போதும் என்பதுதான் சொல்லப்பட்ட செய்தி. இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே, இரண்டு மலைகளுக்கு இடுக்கில் கிடக்கும் எங்கள் தோட்டப் பிரிவில் அந்த ரவுட்டருக்கு சிக்னல் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

செப்புக் கம்பி பழையதுதான். மழைக்காலத்தில் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கினால் கரகரவென்று இரையும்; தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட அந்தக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணையம் மெலிந்துகொண்டே போகும்; கம்பியை வெட்டி விற்றுக் காசாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், தொலைபேசிக்குத் தேவையான ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் நிலையத்திலுள்ள மின்கலங்களிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வந்துவிடுவதால், வீட்டில் கரண்ட் இல்லாத வேளையிலும் ரிசீவரை எடுத்தால் ஒலி கேட்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடைமுறைக்கு வந்தபோதும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த காரியத்தால் முழு நாடும் இருளில் மூழ்கியபோதும், கைபேசியில் சார்ஜ் தீர்ந்து உட்கார்ந்திருந்த அயல்வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்துதான் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுடன் பேசினார்கள்.

புதிய ரவுட்டர் சுவரிலுள்ள பிளக்கை நம்பியே உயிர் வாழ்கிறது. கரண்ட் போன அடுத்த நொடியே இணையமும் போகும், தொலைபேசியும் போகும். நகரத்தில் கொடுக்கப்படும் பைபர் இணைப்பும் இந்த விடயத்தில் மேலானதல்ல. கண்ணாடி இழை ஒளியைக் கடத்துமே தவிர மின்சாரத்தைக் கடத்தாது. கரண்ட் போனால் கைகொடுக்கும் மின்கலப் பெட்டியான சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை தருகிறார்கள். நேற்றுவரை நிறுவனத்தின் பொறுப்பாக இருந்த செலவு இன்று என் தலையில் ஏறுவதற்கு நான் எந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தேன்? அப்படி வாங்கி வைத்தாலும், சிக்னல் தரும் கோபுரத்தின் மின்கலம் ஓய்ந்துவிட்டால் என் யு.பி.எஸ். யாருடன் பேசும்?

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தி, பாட்டுக் கேட்டு, பொறுமையிழந்த பிறகு சிங்களத்தில் ஒருவர் பேசினார். (இரண்டை ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கதை.) அவரிடமிருந்து தமிழ் தெரிந்த இன்னொருவருக்கு மாற்றப்பட்டு, எங்கள் மலை, பள்ளம், தேயிலைத் தொழிற்சாலை எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும், "சேர், எங்கள் சிக்னல் வரைபடத்தில் உங்கள் பகுதி பச்சை நிறத்தில்தான் இருக்கிறது" என்றார் அந்தப் பிள்ளை. கணினித் திரையில் மலைக்கு மேலும் மலைக்குப் பின்னும் ஒரே பச்சைதான் போலும். அந்தப் பிள்ளைமீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்ததை அவர் வாசிக்கிறார். ஒரு தொழில்நுட்பவியலாளரை அனுப்பி, வீட்டுக்குள் நின்று அளந்து பார்க்காமலேயே இணைப்பை மாற்றத் தீர்மானித்தவர்கள்மீதுதான் கோபம்.

இது பொழுதுபோக்கைப் பற்றிய முறைப்பாடு என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் இரவில் நெஞ்சுவலி வந்தால் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழைக்க வேண்டும். மண் சரிந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்க வேண்டும். 2014இல் மண்சரிவில் புதைந்த மீரியபெத்தையைப் பார்த்தோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். கம்பம் சாய்ந்தால் செப்புக் கம்பியும் அறுந்துதான் போகும், அது தெரியும். ஆயினும் கம்பம் சாயாத இடத்தில், வெறும் மின்தடைக்காகவே ஒரு வீடு வாயடைத்துப் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும் இரவுகள்தாம் பெரும்பாலும் மின்சாரம் இல்லாத இரவுகளாகவும் இருக்கின்றன.

ஆகவே என் கோரிக்கை இதுதான். முதலில் ஆளை அனுப்பி சிக்னலை அளந்து, அந்த அளவை எழுத்தில், நான் வாசிக்கும் மொழியில் தாருங்கள். மின்கலத்தை ரவுட்டருடன் சேர்த்துத் தாருங்கள். அதன் விலையை மாதாந்தக் கட்டணத்துக்குள் ஒளித்து வைக்காதீர்கள். புதியது ஒரு மழைக்காலம் முழுவதும் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்கும்வரை பழையதை விட்டுவையுங்கள். இவை நடக்கும்வரை, கம்பியைக் கழற்ற என் வீட்டு வாசலுக்கு எவரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை.