பனிச்சிறுத்தையும் ஆட்டுப்பட்டிக் கூரையும்

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் போதும், லடாக்கிலிருந்தும் இமாசலத்தின் ஸ்பிட்டியிலிருந்தும் பனிச்சிறுத்தைப் படங்கள் டைம்லைனில் வரிசைகட்டும். கமெண்ட்டில் எல்லாரும் தவறாமல் கேட்பது, "இன்னும் எத்தனை மிச்சம் இருக்கு?" என்றுதான். அதற்குப் பதில் இருக்கிறது. 2019 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பு, இந்தியாவில் 718 என்கிறது. லடாக்கில் 477, உத்தராகண்டில் 124, இமாசலத்தில் 51, அருணாசலத்தில் 36, சிக்கிமில் 21, ஜம்மு காஷ்மீரில் 9.

எண்ணிக்கையைக் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த எண் ஏறுமா இறங்குமா என்பதை முடிவு செய்பவை வேறு. ஆட்டுப்பட்டிக்குக் கூரை இருக்கிறதா, ஊர்க் குப்பை எங்கே போகிறது, எந்தச் சரிவில் எத்தனை கால்நடை மேய்கிறது. இந்த மூன்றைப் பற்றி நம் ஊடகங்களில் பேச்சே கிடையாது. கம்பிவலை போட்ட கூரை போட்டோவுக்கு யார் லைக் போடப் போகிறார்கள்!

முதலில் அந்த எண்ணைப் பற்றி. 1,971 இடங்களில் தானியங்கி கேமரா வைத்தார்கள், 13,450 கிலோமீட்டர் நடந்து தடயம் தேடினார்கள். படத்தில் தனித்தனியாக அடையாளம் காணப்பட்டவை 241. மீதி புள்ளியியல் மதிப்பீடு. இப்படித்தான் செய்ய முடியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படத்தை வைத்து ஆளைப் பிரிப்பது பார்க்கும் அளவுக்கு எளிதான வேலை இல்லை. உடம்பின் இடப்பக்கப் புள்ளிகள் வேறு, வலப்பக்கப் புள்ளிகள் வேறு. குளிர்காலத்தில் ரோமம் நீண்டு அடர்ந்துவிட்டால் புள்ளிகளின் ஓரம் கலங்கிப்போகும். உடலைக் கொஞ்சம் வளைத்தாலும் புள்ளி இழுபட்டு வேறு வடிவத்தில் தெரியும். கூண்டில் வளரும், எது எது என்று முன்பே தெரிந்த பனிச்சிறுத்தைகளின் படங்களைக் கொடுத்து ஆய்வாளர்களையே சோதித்துப் பார்த்தபோது, ஒரே விலங்கை இரண்டாக எண்ணும் பிழைதான் அதிகம் வந்தது. அதனால் கணக்கு சராசரியாக மூன்றில் ஒரு பங்கு வரை ஊதிப்போனது. எனவே எதிர்காலத்தில் யாராவது "பத்து சதவீதம் கூடிவிட்டது" என்று அறிவித்தால் பட்டாசு வெடிப்பதற்கு முன், படங்களை எத்தனை பேர் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள்.

கேமரா வைப்பதிலும் சூட்சுமம் உண்டு. அங்கே கட்டுவதற்கு மரம் கிடையாது. கல்லை அடுக்கி நடுவில் பொருத்த வேண்டும், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேலே போகக்கூடாது. சூரியனைப் பார்த்து வைத்தால் வெயில் ஏறும்போது வெறும் பாறைப் படமாக நூற்றுக்கணக்கில் குவியும், ஆகவே வடக்கு நோக்கி. சாதாரண ஆல்கலைன் பேட்டரி பனியில் படுத்துவிடும், லித்தியம்தான் தாங்கும். இடம் தேர்வதற்கு விலங்கே வழிகாட்டும். மலைமுகடுகளிலும் ஆற்றோரப் பாறைகளின் குடைவிலும் அது சிறுநீர் பீய்ச்சி, பின்காலால் மண்ணைப் பறித்து அடையாளம் வைக்கும். தலைக்கு மேல் துருத்திய பாறையின் உட்பக்கம் எண்ணெய் பிசுபிசுப்பும் அடியில் ஒரு கைப்பிடிக் குழியும் இருந்தால், அதற்கு எதிரே வைக்கலாம். எதிரெதிராக இரண்டு கேமரா வைத்தால்தான் இரு பக்கமும் கிடைக்கும்.

இனி நிலம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை, பனி எல்லாம் சேர்த்தே 100 மில்லிமீட்டர் அளவுதான். பருவமழை மேகத்தை இமயத்தின் தென்சரிவு பிழிந்துவிடுகிறது. இந்தப் பக்கம் வருவது மிச்சம். செடி வளர ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் அவகாசம். அகன்திலிமான் என்றொரு முள்மெத்தைச் செடி உண்டு. தரையோடு ஒட்டி, அரைக்கோளமாக, தொட்டால் குத்தும். குனிந்து பார்த்தால் உள்ளே பழைய இலைகள் உதிராமல் அடைந்திருக்கும், காற்று கொண்டுவந்த மண் அதற்குள் சிக்கியிருக்கும், வெளியே இல்லாத ஈரம் அங்கே இருக்கும். அந்த ஈரத்தில் வேறு செடியின் நாற்று ஒன்றிரண்டு தலைகாட்டும். இதை அடுப்புக்காக வேரோடு பெயர்த்தால் அந்த இடம் வெறும் சரளை. திரும்ப அந்த அளவு வளர நம் ஆயுள் போதாது.

இந்தக் கொஞ்சப் புல்லைத்தான் நீல ஆடும் தின்ன வேண்டும், ஊர் ஆடும் யாக் என்ற சடைமாடும் தின்ன வேண்டும். பரல் என்று இந்தியில் சொல்லும் நீல ஆடுதான் இப்பகுதியில் பனிச்சிறுத்தையின் முக்கிய இரை. சிறுத்தைக்கு எட்டுப் பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு பெரிய விலங்கு வேண்டும். கால்நடை அளவுக்கு மீறினால் நீல ஆட்டுக்குப் பஞ்சம். அது உடனே சாவதில்லை, குட்டிதான் குறையும். ஸ்பிட்டியில் கால்நடை நெருக்கடி அதிகமான மேய்ச்சல் நிலங்களில் பெட்டைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் குட்டிகள் குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூட்டம் பார்வைக்குத் திடமாகத் தெரியும், உள்ளே கிழடு தட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்பிட்டியில் உள்ள கிப்பர் ஊர் இதற்கு ஒரு வழி கண்டது. 1990-களின் இறுதியில் ஊர்மன்றம் சுமார் 500 ஹெக்டேரில் மேய்ச்சலை நிறுத்த ஒப்புக்கொண்டது. இழந்த புல்லுக்கு ஊருக்குப் பணம், காவலுக்கு ஊர் ஆட்களே. சில ஆண்டுகளிலேயே நீல ஆடு பல மடங்கு பெருகியது. இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். நிலம் பாறைச் செங்குத்தை ஒட்டி இருக்க வேண்டும், இல்லையென்றால் நீல ஆடு துணிந்து இறங்காது. அடுத்து, அங்கிருந்து விலக்கிய கால்நடை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்துச் சரிவில் போய் நெருக்கினால் பிரச்சினையை இடம் மாற்றியதுதான் மிச்சம்.

இங்கே பலரும் சறுக்குகிறார்கள். "காட்டு இரை பெருகினால் சிறுத்தை ஊர் ஆட்டைத் தொடாது" என்று மேடையில் பேசுகிறார்கள். கேட்க இனிமைதான். ஆனால் இரை பெருகினால் சிறுத்தையும் பெருகும், சிறுத்தை பெருகினால் ஊர் ஆட்டுக்கும் சேதம் கூடும். களத்தரவு காட்டுவதும் அதைத்தான். ஆகவே மேய்ச்சல் ஒதுக்கீடு செய்யும் ஊரில் பட்டியைப் பலப்படுத்தாமல் விட்டால், நல்லது செய்யப்போய் மேய்ப்பர் தலையில் கை வைத்ததாகிவிடும்.

பட்டிக்கு வருவோம். லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காப் பகுதியில் 1990-களின் கடைசியில் எடுத்த கணக்கு ஒன்று. பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்ற சம்பவங்கள் மொத்தத் தாக்குதலில் 14 சதவீதம்தான். இழப்பில் அவற்றின் பங்கு 38 சதவீதம். ஏன்? வெளியில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை ஓடிவிடும், கதை முடிந்தது. பட்டிக்குள் ஓட இடமில்லை. ஆடுகள் கத்தி, மோதி, கண்ணெதிரே ஓடிக்கொண்டே இருக்க, சிறுத்தையின் பிடிக்கும் உந்துதல் அடங்குவதே இல்லை. அதை வெறி என்றும் ரத்தம் குடிக்கிறது என்றும் சொல்வது வீண் பேச்சு. அந்த ஓர் இரவில் ஆடுகளை இழந்த குடும்பத்துக்கோ ஒரு வருட வருமானமே போகலாம். மறுநாள் விஷமோ கல்லோ எடுத்தால் அவர்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

தீர்வு சாதாரணமானது. கல்சுவரை என்ன உயரம் ஏற்றினாலும் சிறுத்தைக்குப் பொருட்டில்லை, கூரைதான் வேண்டும். பாப்லர் மரக் கழிகளைக் குறுக்கே போட்டு, மேலே கம்பிவலையை இழுத்துக் கட்டுவது வழக்கம். கதவு சட்டத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், வெளித்தாழ்ப்பாள் இரும்பில். கெட்டுப்போவது எங்கே என்றால், நடுவில் தாங்குகால் இல்லாத வலை முதல் கடும்பனியிலேயே தொய்ந்து, ஓரத்தில் பிரிந்துகொள்ளும். சாந்து பூசாத கல்சுவரில் இடுக்கில் நின்ற நீர் உறைந்து உருகி, வசந்தத்தில் கல் கழன்று நிற்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன், சுவரைச் சுற்றிவந்து ஆட்டிப் பார்க்கணும். இன்னொன்று, பயத்தில் கூரையை முழுக்க மூடிவிடுவார்கள். மூச்சுக்காற்றின் ஈரம் வெளியேறாமல் ஆடுகளுக்கு நுரையீரல் நோய் வரும். வலையோ சன்னலோ வேண்டும். செலவில் கல்லும் உழைப்பும் ஊருடையதாகவும், வலை, மரம், தாழ்ப்பாள் மட்டும் வெளியிலிருந்தும் வந்தால்தான் பராமரிப்பு நடக்கும். இலவசமாகக் கட்டிக்கொடுத்த பட்டி உடைந்தால், கட்டிக்கொடுத்தவர் வந்து சரிசெய்யட்டும் என்று காத்திருப்பார்கள். இது மனித இயல்பு.

பட்டி மூடினாலும் பகலில் மேய்ச்சலில் இழப்பு இருக்கும், யாக்கும் குதிரையும் பட்டிக்கே வருவதில்லை. அதற்குத்தான் கால்நடைக் காப்பீடு. கிப்பரில் 2002-இல் தொடங்கிய முறையில் உரிமையாளர் பிரீமியம் கட்டுவார், இழப்பை ஊர்க்குழுவே விசாரிக்கும். பணம் ஊருடையது என்பதால் பொய்க் கணக்கு எழுதுவது கடினம், யாருடைய ஆடு எங்கே செத்தது என்பது ஊருக்கே தெரியும். அரசு இழப்பீட்டுக்குப் படம், சான்று, அலைச்சல் எல்லாம் வேண்டியிருக்கிறது. தொகை கைக்கு வரும்போது கோபம் ஆறிப்போயிருக்காது, கெட்டிப்பட்டிருக்கும்.

கொன்றது யார் என்று பார்ப்பதும் முக்கியம். தொண்டையில் நெருக்கமான பல் துளைகள், சுற்றிலும் அதிகக் குழப்பம் இல்லாத மண் என்றால் சிறுத்தையாக இருக்கலாம். பின்தொடை, வயிறு, காது எல்லாம் குதறியிருந்தால் ஓநாயையோ நாயையோ சந்தேகிக்கணும். தொண்டைத் தோலை உரித்துப் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது கடித்திருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கும். செத்த பின் வந்து தின்றிருந்தால் கட்டியிருக்காது. ஒரு நாள் தாண்டினால் கழுகும் நரியும் தடயத்தைக் கலைத்துவிடும்.

இப்படி ஒழுங்காகப் பார்த்த இடங்களில் தெரியவருவது யாருக்கும் ருசிக்காத செய்தி. மேல் ஸ்பிட்டியில் நடந்த ஓர் ஆய்வில், கொன்றுண்ணிகளால் இறந்த கால்நடைகளில் பாதிக்கும் மேல் தெருநாய்கள் கொன்றவை. சுற்றுலாவும் ராணுவ முகாம்களும் வளர, சமையல் கழிவும் இறைச்சிக் கழிவும் வளர, நாய்களும் வளர்ந்தன. லடாக்கின் சாங்தாங் பகுதிச் சதுப்புகளில் தரையில் கூடு கட்டும் கருங்கழுத்துக் கொக்கின் முட்டைக்கும் குஞ்சுக்கும் இவை எமன். அந்தக் கொக்கு லடாக்கின் மாநிலப் பறவை என்பது வேறு விஷயம். கருத்தடை முகாம் ஒருமுறை நடத்திப் படம் எடுத்துக்கொள்வது பயன் தராது. பெட்டைகளில் பத்துக்கு ஏழு பங்காவது ஒரே பகுதியில், தொடர்ந்து சில ஆண்டுகள் செய்தால்தான் கூட்டம் குறையத் தொடங்கும். குப்பைக் குழிக்கு வேலி இல்லாமல் அதையும் செய்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

ஓநாயைப் பற்றி ஒரு வார்த்தை. மேய்ப்பர்களுக்குச் சிறுத்தையைவிட அதன்மேல்தான் கோபம் அதிகம். ஷாங்டோங் என்ற பொறிக்குழிகள் லடாக்கில் இன்னும் நிற்கின்றன. உள்நோக்கிச் சாய்ந்த கல்சுவர், உள்ளே இரையாக ஒரு கால்நடை. குதித்த ஓநாயால் வெளியேற முடியாது. பிறகு கல்லெறிந்து கொல்வார்கள். அங்கே சுஷூல் என்ற ஊரில் 2018-இல் ஊரே முன்வந்து சுவரில் சில கற்களை எடுத்து ஏறிவரும் வழி உண்டாக்கி, குழியை இடிக்காமல் பக்கத்தில் ஸ்தூபி கட்டியது. தாத்தா கட்டிய குழியை "கொலைக்களம்" என்று திட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

சுற்றுலாவை நான் எதிர்க்கவில்லை. ஹெமிஸ் பகுதியின் ரும்பக், லடாக்கின் உலே (Ulley), ஸ்பிட்டியின் கிப்பர் ஆகிய ஊர்களில் தங்குவீட்டு வருமானம் சிறுத்தையைச் சகித்துக்கொள்ளக் காரணமாகியிருக்கிறது. ஆனால் வருமானம் ஓரிரு வீடுகளுக்கே போனால், ஆடு இழந்தவர் ஒருவர், காசு பார்ப்பவர் இன்னொருவர் என்றாகும். சுழற்சி முறை இருக்கும் ஊரைத் தேடித் தங்குங்கள். இரையின்மேல் இருக்கும் சிறுத்தையை நெருங்கித் துரத்தினால் அது மீண்டும் வேட்டையாடியே ஆகவேண்டும், அடுத்தது யாருடைய ஆடோ. தொலைநோக்கி வைத்து எதிர்ச்சரிவிலிருந்து பாருங்கள். டிரோனைப் பையிலேயே வையுங்கள், அந்தச் சத்தத்தில் நீல ஆடு செங்குத்தில் சிதறி ஓடும்.

கோடையில் பைக்கில் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பாங்காங் ஏரிக்குப் போகும் வழியில், மர்மோட் என்ற பெரிய மலை அணிலுக்கு பிஸ்கட் கொடுத்து வீடியோ எடுக்காதீர்கள். அது குளிர்காலம் முழுக்க வளைக்குள் தூங்கத் தேவையான கொழுப்பைப் புல்லிலிருந்தும் பூவிலிருந்தும் சேர்த்துக்கொள்ளும் பிராணி. சாலையோரம் கையேந்தப் பழகிவிட்டால் வண்டிச் சக்கரத்துக்கும் நாய்க்கும் எளிதாகச் சிக்கும். தாபாவில் மிச்சம் வைத்த சாப்பாட்டை வாசலில் நிற்கும் நாய்க்குப் போடுவதற்கும் இதே பதில்தான்.