டொமைன் வாங்கியதால் கட்டுரைகள் உங்களுடையவை ஆகிவிடாது

நின்றுபோன பழைய தமிழ் இணைய இதழ்களை மீட்கப் பலர் முன்வருகிறார்கள். அவசியமான வேலை. ஆனால் காலாவதியான டொமைனை வாங்கி, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் கிடைக்கும் பக்கங்களை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். இது தவறு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தளம் செத்தாலும் பதிப்புரிமை சாகாது. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு அது வாரிசுகளிடம் இருக்கும். பழைய இதழாசிரியர் "தாராளமா போடுங்க" என்று சொல்வதும் போதாது. பெரும்பாலும் அவரிடமே இருந்தது தன் இதழில் வெளியிடும் அனுமதி மட்டும்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும். 2003இல் அப்படி எழுதிக் கொடுத்தது 2008இலேயே முடிந்துவிட்டது!

ஆகவே முதல் வேலை ஓர் எக்செல் பட்டியல். படைப்புக்கு ஒரு வரிசை: எழுதியவர், தேதி, பழைய சுட்டி, படம் யாருடையது, அனுமதி வந்த நாள். மின்னஞ்சலில் எந்தப் படைப்பு, எந்தத் தளம், எத்தனை ஆண்டு, மின்னூலாகவும் வருமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். வெறும் "சரி" பின்னால் தகராறாகும். பதில் வராதவர்களின் படைப்புக்குத் தலைப்பு, பெயர், தேதி, வேபேக் சுட்டி போதும். உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புகளுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவில் உரிமம் கேட்கலாம். ஆனால் நாளிதழ் விளம்பரம், நீதிமன்றம் என்று போகும் அந்த வழி சிறு குழுவுக்குக் கட்டுப்படியாகாது.

பாரதி, கல்கி போன்று நாட்டுடைமையானவர்களின் எழுத்தைத் தயங்காமல் போடலாம். அதோடு வந்த முன்னுரைக்கும் ஓவியத்துக்கும் உரிமை தனி.

பாமினி, டிஸ்கி போன்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களில் உள்ள பக்கங்களை இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றும்போது பழைய எழுத்துரு கோப்புகளைத் தளத்தில் ஏற்றாதீர்கள். அவற்றுக்கும் தனி உரிமம் உண்டு. அந்தக் குறியாக்கங்களில் கொம்புக் குறி (ெ, ே) தான் சேரும் எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கும், மாற்றும் மென்பொருளில் கோளாறு இருந்தால் இடம் பிறழும். மெய்ப்புப் பார்க்காமல் ஒருவர் பெயரில் பிழையான எழுத்தை வெளியிடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

"எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவோம்" என்ற வரியை நம்பவே நம்பாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, பிறர் ஏற்றுவதைத் தாங்கி நிற்கும் தளங்களுக்கானது. ஏற்றியவரே நீங்கள் என்றால் அது உதவாது.

அடுத்து இதழின் பெயர். வணிகச் சின்னப் பதிவு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். 5 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாத சின்னத்தை நீக்க விண்ணப்பிக்கலாம், அது தானாக விழுந்துவிடாது. பதிவில்லாத பெயருக்கும் பாதுகாப்பு உண்டு. டொமைன் பெயருக்கும் அது பொருந்தும் என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் சொல்லிவிட்டது. வணிகச் சின்னப் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 16 (அச்சு வெளியீடுகள்), 41 (பதிப்பித்தல், கல்விச் சேவைகள்) ஆகிய இரு வகுப்புகளையும் பாருங்கள்.

என் கருத்தில், பழைய உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லையென்றால் புதுப்பெயரே வையுங்கள். பழைய லோகோவைத் தொடாதீர்கள். எந்த இதழின் படைப்புகள் இவை என்று அறிமுகப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் வாசகர் தேடி வந்துவிடுவார்.