கோடு தப்பாகப் போட்ட மரம்

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை பட்டாணியில், ரப்பர் மரத்தில் ஒரு பெண் பால் வெட்டுவதுபோலச் சுவரில் வரைந்திருக்கிறார்கள். இந்தச் சாயத்தை ஊரின் புதுப்பிப்பு என்று சொல்ல மாட்டேன் என நான் எழுதிய இரண்டு வரிக்கு இவ்வளவு கோபமா? "ஊர் முன்னேறினால் உனக்கு ஏன் வயிறு எரியுது" என்று நேற்றிலிருந்து திட்டு. சரி, விளக்கமாகவே எழுதுகிறேன்.

சுங்கை பட்டாணி நன்றாக இருந்தால் எனக்கும் பெருமைதான். 2015-இல் மின்சார ரயில் தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கியதும், வேலை எதுவும் இல்லாமலே அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏறியவன் நான். 1936-இல் கட்டிய மணிக்கூண்டு பளிச்சென்று இருந்தால் சந்தோஷம். பழைய கடைவீட்டில் காப்பிக்கடை வந்தாலும் சந்தோஷம். ஆனால் சுவருக்குச் சாயம் அடித்தால் ஊர் புதிதாகிவிடாது.

போன ஞாயிறு அம்மாவை அந்த ஓவியத்தைப் பார்க்க அழைத்துப் போனேன். 31 வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். கிட்டப் போய், வரைந்த மரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "கோடு தப்புடா தம்பி." மரத்தைப் பார்த்து நின்றால் வெட்டு இடது மேலிருந்து வலது கீழே சரிய வேண்டும். அப்போதுதான் பால்குழாய்கள் நிறைய அறுபடும், பால் நன்றாக இறங்கும். படத்தில் நேர்மாறு. நெற்றி விளக்கும் இல்லை. அந்தப் பெண் உச்சி வெயிலில் சிரித்துக்கொண்டு வெட்டுகிறாள். வெயில் ஏறினால் பால் ஓடாது என்பது பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பால் பிடிக்கும் மங்கு துடைத்த எங்களுக்கே தெரியும்.

"இது ஒரு குற்றமா?" என்பீர்கள். சின்னத் தப்புதான். யாராவது ஒரு கிழவியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. எங்களை எதற்குத்தான் கேட்டார்கள்? தோட்டத்தை விற்றபோது கேட்டார்களா? நோட்டீஸ் ஒட்டினார்கள், நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்தோம். அங்கே இன்று தமான், அதாவது புதுக் குடியிருப்பு, நிற்கிறது. அதில் ஒரு வீடு வாங்க அப்பாவுக்குக் கடன் கிடைக்கவில்லை. தோட்டத்தில் விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்ற ஜனங்களுக்கு இந்த ஊரில் ஒரு வீடு கொடுங்கள், அதைப் புதுப்பிப்பு என்று நானே எழுதுகிறேன். சாயத்தை அப்படிச் சொல்ல மாட்டேன்.

வியாபாரம் பெருகும் என்கிறீர்கள். பெருகட்டும். உட்கார அங்கே ஒரு பெஞ்சு உண்டா? கால் வலித்து அம்மா கடைமுன் நடைபாதையான அஞ்சடியில், அந்தச் சுவரோரம் உட்கார்ந்தார். படம் எடுக்க வந்த பிள்ளைகள் மரியாதையாகத்தான் கேட்டார்கள்: "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? படம் மறைக்குது."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து எழுந்து, "வீட்டுக்குப் போலாம்பா" என்றார்.