சித்தப்பா படத்துக்கு முன்னாடியாவது வாயை மூடுங்க

நேத்து சித்தப்பாவுக்கு நாலாவது வருசத் திதி. படத்துக்கு மாலை போட்டு, அவருக்குப் பிடிச்ச கச்சாயம் வெச்சு, சூடம் காட்டி முடிச்சுட்டு, சித்தி கண்ணைத் தொடச்சுக்கிட்டே எல்லாரையும் சாப்பிட உக்காரச் சொன்னாங்க. ரசத்துக்கு வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்க.

"அன்னிக்கு எடப்பாடி இருந்திருந்தா மனுசன் இன்னிக்கு நம்மகூட உக்காந்து சாப்பிட்டுட்டு இருப்பாரு." இது இலை மாமா.

"பத்து வருசம் ஆண்டவங்க ஆஸ்பத்திரிய எந்த லட்சணத்துல விட்டுட்டுப் போனாங்கன்னு தெரியாதாக்கும்?" இது சூரியன் அண்ணன்.

சித்தி சாம்பார் வாளியோட நடுவுல நிக்கறாங்க. அவங்க தலைக்கு மேல ரெண்டு பேரும் கத்தறாங்க. புருசனைப் பறிகுடுத்தவ பக்கத்துல நிக்கறாளேன்னு ஒருத்தருக்கும் தோணல. "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா"ன்னு சித்தி கேட்டது ரெண்டு பேர் காதுலயும் விழல.

நாலு வருசமா அடக்கி வெச்சிருந்தேன். இனி முடியாது. இந்த ரெண்டு பேரும் உங்க வீட்டுலயும் இருப்பாங்க, பேரு மட்டும் வேற. அதனால நேரா அந்த ராத்திரிக்கு வந்துடறேன்.

2021 மே 22, சனிக்கிழமை. முந்தின நாள்தான் தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,184 பேருக்குக் கொரோனாத் தொற்றுன்னு அறிக்கை வந்துது. திங்கக்கிழமையிலிருந்து தளர்வே இல்லாத ஊரடங்கு, அதுக்கு முன்னாடி எல்லாக் கடையும் திறக்கலாம்னு அன்னிக்கு மத்தியானம் அறிவிச்சதால கோயமுத்தூர் கடைவீதியில கால் வைக்க இடமில்ல. வீட்டுல சித்தப்பாவைக் குப்புறப் படுக்க வெச்சிருக்கோம். விரல்ல மாட்டின மீட்டர் 84 காட்டுது.

ராத்திரி 7:40. சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன்: "சித்தப்பாவுக்கு ஆக்சிஜன் 84. ஆக்சிஜன் பெட் எங்கயாவது இருந்தா சொல்லுங்க. ரொம்ப அவசரம்."

7:42. மூணு பேர் கும்பிடு போட்டாங்க. சரி.

7:44. இலை மாமா: "பத்துக்குப் பத்தும் நாங்க ஜெயிச்சோம்ல, அதுக்குத்தான் நம்ம மாவட்டத்தைப் பழி வாங்கறானுங்க. தடுப்பூசியும் வராது, பெட்டும் வராது."

நான் கேட்டது என்ன, வந்த பதில் என்ன? மாமாவுக்கு மூணு டாக்டரைத் தெரியும். ஒருத்தருக்குப் போன் போட்டிருக்கலாம். போடல.

7:46. சூரியன் அண்ணன், ஒரு வீடியோ. பெட் கிடைச்சிருச்சுன்னு அலறி அடிச்சுத் திறந்தா, முதல்வர் ஸ்டாலின் ராத்திரி நேரத்துல பெட் கேட்டு வர்ற போனை எடுக்கற சென்னை வார் ரூமுக்குப் போய், வந்த போனை எடுத்து அவரே பேசுற வீடியோ. "தூங்காத தலைவர்"னு கீழ எழுதியிருந்தார். அண்ணா, அந்த வார் ரூம் நம்பரை நான் சாயந்திரத்துல இருந்து அடிச்சுட்டு இருக்கேன், லைன் கிடைக்கல. அதை எழுதினேன். பதில் இல்ல.

7:49. இலை மாமா: "ஓட்டு வாங்கி மூணு வாரம் ஆகல, அதுக்குள்ள ஷூட்டிங்கா?"

7:51. சூரியன் அண்ணன் 2020 ஏப்ரலுக்குப் போயிட்டார். இன்னும் ரெண்டு மூணு நாள்ல புதுத் தொற்றே இல்லாமப் போயிடும்னு அப்போ எடப்பாடி சொன்ன செய்தி. அதுக்கு மாமா வேறொண்ணு. அதுக்கு அண்ணன், கோயம்பேடு மார்க்கெட்ல தொற்று பரவுன கதை. மாமா, ஸ்டாலின் கோட்டைக்குப் போனதும் என்ன கிழிச்சாருன்னு. அண்ணன், 2020 ஜூலையில சென்னைக் கணக்குல விட்டுப்போன 444 சாவைச் சேர்த்தாங்களே, அது யாரு ஆட்சின்னு. அந்த 444ம் ஒவ்வொண்ணும் ஒரு வீட்டுச் சாவு. அதை எடுத்து மாமா மேல வீசுறதுக்குக் கல்லு மாதிரி வெச்சிருந்தார் அண்ணன். நடுவுல டெல்லிக்காரங்க விளக்கேத்தச் சொன்னது, கும்பமேளா, செங்கல்பட்டுல சும்மா கிடக்குற தடுப்பூசித் தொழிற்சாலை எல்லாம் வந்துது. சித்தப்பா மட்டும் வரல.

8:15க்கு மறுபடியும் போட்டேன். "82 ஆயிருச்சு. யாராச்சும் விசாரிச்சுச் சொல்லுங்க." ரெண்டு நிமிசத்துல மேல போயி மறைஞ்சுருச்சு. 8:40க்கு மூணாவது தடவை. அதுக்குக் கீழயே டாஸ்மாக் பத்தி இத்தனை நீளத்துக்கு ஒரு கட்டுரை. அன்னிக்கு ராத்திரி மட்டும் 137 மெசேஜ். பெட் கேட்டு வந்தது மூணே மூணு, மூணும் நான் போட்டது.

பெட்டைக் கண்டுபிடிச்சது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பேரும் கேட்டதில்ல. எதிர்வீட்டுப் பொண்ணு. காலேஜ் படிச்சுட்டு இருந்துது. முகம் தெரியாத நாப்பது அம்பது பசங்களோட சேர்ந்து, எந்த ஊர்ல எத்தனை பெட்டுன்னு போன் போட்டுப் போட்டு ஒரு பட்டியல் வெச்சிருந்துது. இணையத்துல காலின்னு காட்டுன இடத்துக்கெல்லாம் அதுவே பேசி, இல்லைன்னு தெரிஞ்சு ஒவ்வொண்ணா அடிச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஈரோட்டுப் பக்கம் ஒண்ணு இருக்குன்னு சொல்லுச்சு. சித்தப்பா யாருக்கு ஓட்டுப் போட்டாருன்னு அந்தப் பொண்ணு கேக்கல.

ஆறாம் நாள் போயிட்டார். விடியக்காலை அஞ்சு மணிக்குக் குரூப்ல சொன்னேன். வரிசையா "ஆழ்ந்த இரங்கல்". நாப்பது நிமிசம். நாப்பதே நிமிசம். அதுக்கப்புறம் சண்டையை விட்ட இடத்துல இருந்து எடுத்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு முதல்வர் கவச உடை போட்டுக்கிட்டு நம்ம ஊர்க் கொரோனா வார்டுக்குள்ள போனார். ஒருத்தருக்கு அது நாடகம், இன்னொருத்தருக்கு தெய்வம். எடப்பாடி போயிருந்தா அப்படியே இடம் மாறி உக்காந்திருப்பாங்க.

இடம் மாறுனதை நான் கண்ணாலயே பார்த்தேனே. 2020 மே 7, அ.தி.மு.க. ஆட்சி டாஸ்மாக்கைத் திறந்தப்போ, கருப்புத்துணி கட்டிக்கிட்டு வாசல்ல நின்னவர் சூரியன் அண்ணன். "அரசாங்கத்துக்கு வருமானம் வேண்டாமா"ன்னு கேட்டவர் இலை மாமா. 2021 ஜூன் 14, தி.மு.க. ஆட்சி 27 மாவட்டத்துல திறந்துச்சு. இப்போ வருமானம் பேசுனது அண்ணன், தாலி அறுந்து போகுதேன்னு அழுதது மாமா. வார்த்தை கூட மாறல, வாய்தான் மாறுச்சு. இத்தனைக்கும் கோயமுத்தூர்ல அன்னிக்குக் கடையே திறக்கல!

தலைவர்களைக் கேள்வி கேக்கக் கூடாதுன்னா சொல்றேன்? கேக்கணும். கழுத்தைப் பிடிச்சுக் கேக்கணும். ஏப்ரல் 6 தேர்தலுக்கு ரெண்டு பக்கமும் ஆயிரக்கணக்குல ஆளைக் கூட்டுனப்போ கேட்டிருக்கணும். தேர்தல் ஆணையத்து மேல கொலைக்குற்றம்கூடச் சுமத்தலாம்னு சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 26 அன்னிக்குக் கொதிச்சுதே, அந்தக் கோவத்துல கால்வாசி உங்களுக்கு இருந்துதா? மாஸ்க்கைத் தாடையில தொங்கவிட்டுக்கிட்டு மேடைக்கு முன்னாடி நின்ன போட்டோவை அதே குரூப்ல போட்டவங்கதானே நீங்க ரெண்டு பேரும்? அடுத்தவன் தலைவனை மட்டும் கேக்கறதுக்குப் பேரு கேள்வி இல்ல.

இதையெல்லாம்கூட விட்டுடுவேன். ஒண்ணை மட்டும் விட முடியாது.

அறுபது தாண்டினவங்களுக்கு மார்ச் 1லயே தடுப்பூசி வந்துருச்சு. சித்தப்பாவுக்கு அறுபத்தி மூணு. ஏப்ரல்ல போட்டுக்கறேன்னு ஒத்துக்கிட்டார். ஏப்ரல் 17, நடிகர் விவேக் இறந்தார். ஊசி போட்ட ரெண்டே நாள்ல. அன்னிக்குச் சாயந்திரமே சூரியன் அண்ணன் அனுப்பினார்: "மோடி ஊசியோட லட்சணத்தைப் பாருங்க." மோடி மேல இருந்த கோவம். அதை எடுத்துட்டுப் போய் எங்க காட்டினார் பாருங்க. சித்தப்பா அதைக் கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சுட்டு, "அடுத்த மாசம் பாத்துக்கலாம் கண்ணு"ன்னார். அந்தச் சாவுக்குக் காரணம் தடுப்பூசி இல்லைன்னு மத்தியக் குழு அக்டோபர்ல சொல்லுச்சு. சித்தப்பா மே மாசமே போயிட்டார். போட்டிருந்தா பொழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு. அனுப்பின அண்ணன் எப்போ மூணு ஊசியும் போட்டு முடிச்சார்னும் தெரியும்.

நேத்து அதைச் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துது. சித்தி என் கையைப் பிடிச்சு அழுத்தி, "விடு சாமி, அவங்க சாப்பிட்டுப் போகட்டும்"னாங்க. விட்டுட்டேன்.

சாப்பிட்டாங்க. வெத்தலை போட்டாங்க. அத்தனை கத்துக் கத்துனவங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில, மாமா ஓட்ட அண்ணன் பின்னாடி உக்காந்து, தோள்மேல கை போட்டுச் சிரிச்சுப் பேசிக்கிட்டே போனாங்க. நானும் சித்தியும் வாசல்ல நின்னு பார்த்துட்டே இருந்தோம். சித்தி மெதுவாச் சிரிச்சுட்டாங்க. எனக்கும் வந்துருச்சு. அழுகையா சிரிப்பான்னு தெரியாத ஒண்ணு.

அப்புறம்தான் கவனிச்சேன், அண்ணன் கையில சித்தியோட தூக்குப்போசி, பாயசத்தோட. போன வருசத் திதிக்குக் கொண்டு போன போசியே இன்னும் வரல. எவர்சில்வர், கல்யாணத்துக்கு வந்தது. அடியில சித்தப்பா பேரு வெட்டியிருக்கு. ரெண்டையும் கழுவி நாளைக்குக் காலையில கொண்டாந்து குடுங்க.