மெக்காலே அப்படிப் பேசவில்லை

“இந்தியா முழுவதும் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ காணவில்லை. இந்நாட்டின் முதுகெலும்பான பண்பாட்டை முறிக்காமல் இதை வெல்ல முடியாது” என்று 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில், இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வாதாடிய ஆங்கிலேய அதிகாரி மெக்காலே பேசியதாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. இது பொய்.

அந்தத் தேதியில் அவர் லண்டனிலேயே இல்லை. 1834 ஜூனில் சென்னையில் இறங்கி, ஊட்டியில் இந்தியாவின் தலைமை ஆளுநர் பெண்டிங்கைச் சந்தித்து, பிறகு கல்கத்தா போனவர். 1835 பிப்ரவரி 2 அன்று அவர் எழுதியது கல்விக் குறிப்பு ஒன்று. அதில் இந்த வரிகள் கிடையாது.

உண்மையில் உள்ளது இதைவிட மோசம். நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டு, இந்தியா, அரேபியாவின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடு என்கிறார். தமக்குச் சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று அதிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு! நம் பண்பாட்டை வானளாவப் புகழும் வாசகத்தை இவர் வாயில் வைப்பது அவரது அலட்சியத்தை மறைத்துவிடுகிறது.

அந்தக் குறிப்பு எழுந்த சண்டை, இந்தியர் கல்விக்கான அரசு நிதியை எதற்குச் செலவிடுவது என்பது; சட்டத்தில் இருந்த ‘இலக்கியம்’, ‘கற்றறிந்த’ என்ற சொற்களுக்கு என்ன பொருள் என்பது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்காக பிரிட்டன் இயற்றிய 1813 சாசனச் சட்டம் இலக்கியத்தின் புத்துயிர்ப்புக்கும் கற்றறிந்த இந்தியரை ஊக்குவிக்கவும் ஆண்டுக்குக் குறைந்தது 1 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அது அரபி, சமஸ்கிருத நூல்களையே குறிக்கும் என்றது ஒரு தரப்பு. ஆங்கிலக் கவிஞர் மில்டனின் கவிதையைக் கற்றவரும் கற்றறிந்தவரே என்றார் மெக்காலே. 1835 மார்ச் 7 அன்று பெண்டிங் அரசு நிதியை ஆங்கிலக் கல்விக்குத் திருப்பினார். 1844இல் தலைமை ஆளுநராக இருந்த ஹார்டிஞ்ச், ஆங்கிலம் படித்தவருக்கு அரசு வேலையில் முன்னுரிமை தந்தார்.