அரை மணி நேரத்துக்குள் குடிக்கவில்லை என்றால் அத்தனையும் வீணாம்!

இன்றைக்கு ஜிம்மில் டெட்லிஃப்ட் நாள், தரையில் கிடக்கும் எடையைத் தூக்கி நிமிர்கிற பயிற்சி. ஐந்து செட் முடித்து, முதுகெல்லாம் வியர்வை ஊற்ற, கை நடுங்க நடுங்க பெஞ்சில் வந்து உட்கார்ந்து பைக்குள் கையை விட்டால், புரோட்டீன் பவுடரைக் குலுக்கிக் குடிக்கும் ஷேக்கர் பாட்டிலைக் காணோம். சமையல் மேடை மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சரி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன், அதற்குள் ஜிம் மாஸ்டர் வந்துவிட்டார். "தம்பி, ஷேக் எங்கே?" "மறந்துட்டேன் மாஸ்டர்." எழவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்கிறார், "அப்போ இன்னைக்கு அடிச்சதெல்லாம் வேஸ்ட் தம்பி. அரை மணி நேரம் தாண்டிட்டா மசில் எடுத்துக்காது." பக்கத்தில் பைசெப்ஸ் அடித்துக்கொண்டிருந்த ஒருவர், என்னை முன்பின் பார்த்தறியாதவர், அவரும் கண்ணாடியைப் பார்த்தபடியே ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறார்.

ஒன்றேகால் மணி நேரம் இரும்பைத் தூக்கியது கணக்கில் இல்லை, ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வீட்டில் கிடப்பதுதான் கணக்கு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பாரையே மறுபடி தூக்கியிருப்பேன். அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே மூடப் போவதில்லை.

இந்த அரை மணிக் கணக்கை நம்பி இரண்டு வருடம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். கடைசி செட் முடிந்த நொடியில் போனில் டைமர் போடுவேன். நடுவில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டேன், முதலில் ஷேக். பார்க்கிங்கில் வண்டி மேல் சாய்ந்துகொண்டு குடித்திருக்கிறேன். சிக்னலில் நின்றுகொண்டு குடித்திருக்கிறேன். ஒரு தடவை டைமரில் மூன்று நிமிடம்தான் மிச்சம், வேறு இடமில்லாமல் அலுவலகக் கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு சடக் சடக் என்று குலுக்கிக் குடித்தேன். வெளியே வந்தால் கை கழுவிக்கொண்டிருந்த மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதை இன்னும் மறக்க முடியவில்லை. இத்தனையும் எதற்கு? முப்பதாவது நிமிடம் தசை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடும் என்ற பயத்தில்.

அந்த ஷட்டர் எந்தக் காலத்திலும் இறங்கியதே இல்லை. ஒருமுறை ஒழுங்காக வெயிட் அடித்தால், தசைக்குள் புதிதாகப் புரதம் கட்டும் வேலை குறைந்தது ஒரு நாளுக்காவது வழக்கத்தைவிட வேகமாக நடக்கிறது. முழுசாக 24 மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும். இதில் அரை மணி எங்கிருந்து வந்தது? ஷோன்ஃபெல்ட், அராகன், க்ரீகர் என்று மூன்று ஆய்வாளர்கள், உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் புரோட்டீன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2013-இல் கணக்குப் போட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் உடனே குடித்தவர்களுக்குக் கொஞ்சம் லாபம் தெரிந்தது. ஆனால் அவர்கள் நாள் முழுக்க எவ்வளவு புரதம் உள்ளே தள்ளினார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தவுடன் அந்த லாபம் காணாமல் போய்விட்டது. அதாவது, உடனே குடித்த கூட்டம் மொத்தத்தில் அதிகமாகச் சாப்பிட்ட கூட்டம். அவ்வளவுதான் விஷயம்! நான் கழிப்பறையில் நின்று குலுக்கிய காலத்துக்கெல்லாம் முன்பே இது அச்சில் வந்துவிட்டது, எவனும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு நியாயமும் பேசிவிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றோடு போய் வெயிட் தூக்குகிறவர், முந்தின இரவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாதவர், முடித்ததும் சீக்கிரம் ஏதாவது சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் இரண்டு மணி நேரம் முன்னால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தவனுக்கு, அந்தச் சாப்பாட்டின் புரதமே இன்னும் செரித்து ரத்தத்தில் வந்துகொண்டிருக்கும். அவனைப் பிடித்து டைமர் போடச் சொல்வது என்ன வைத்தியம்?

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது, அதை ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஷேக்கோடு சேர்ந்து நான் அனுபவித்த அத்தனை அசிங்கத்துக்கும் இந்த ஒரே விதிதான் மூலம். வீட்டுக்கு வந்து, ஒரு டம்ளரில் கலந்து, நிதானமாகக் குடித்திருந்தால் ஒன்றுமே இல்லை. அரை மணிக்குள் குடித்தாக வேண்டும் என்பதால் பவுடரை முன்கூட்டியே ஷேக்கரில் கொட்டி எடுத்துப் போக வேண்டும். ஜிம்மில் அதன் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டும். கட்டி விழுவதற்கு இதைவிடச் சிறந்த வழியே கிடையாது! தண்ணீர் பட்டதும் வெளிப்பக்கப் பவுடர் நனைந்து பசை மாதிரி ஒரு தோல் போட்டுக்கொள்ளும், உள்ளே காய்ந்த மாவு அப்படியே பத்திரமாக இருக்கும். நீங்கள் என்ன குலுக்கினாலும் அது கரையாது, ஷேக்கருக்குள் கிடக்கும் அந்தக் கம்பிப் பந்து சும்மா சத்தம்தான் போடும். அந்த உருண்டை நேராக உங்கள் தொண்டைக்கு வந்து வெடிக்கும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவன் வாயில் காய்ந்த சாக்லேட் மாவு வெடித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர், இதுதான் வழி என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது.

கட்டி போக வேண்டும் என்று வெறி பிடித்துக் குலுக்கினால் அடுத்தது நுரை. இந்தப் பவுடர் வே புரோட்டீன், அதாவது பாலிலிருந்து பிரித்த புரதம். நுரை கட்டுவதில் அது சோப்புக்கு அண்ணன். பாதி பாட்டில் நுரை, பொறுத்திருந்தால் அடங்கும், ஆனால் டைமர் ஓடுகிறதே, அதையும் சேர்த்து விழுங்க வேண்டும். பிறகு லிஃப்டில் நாலு பேர் நடுவில் ஏப்பம், அதுவும் வெனிலா வாசனையோடு. சரி, வெந்நீரில் கரைத்தால் கட்டி விழாதோ என்று ஒரு நாள் புத்திசாலித்தனம் காட்டினேன். நன்றாகச் சூடு ஏறினால், ஒரு 70 டிகிரியைத் தாண்டினால், வே புரோட்டீன் அமைப்பு குலைந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். சத்து அப்படியேதான் இருக்கும், ஆனால் பாட்டிலுக்குள் திரிதிரியாக மிதந்தது என்னவென்று நான் இங்கே வர்ணிக்க விரும்பவில்லை.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? குடித்து முடித்த ஈர ஷேக்கர், இறுக்கி மூடிய மூடி, பைக்குள் வியர்வைத் துணிக்கு நடுவில், வண்டிச் சூட்டில் ஒரு பகல் முழுக்க. அது பால் புரதம் ஐயா, கெடாமல் என்ன செய்யும்? கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் வேயில் தாராளமாக இருக்கின்றன, பாக்டீரியா அவற்றைப் பிரித்து மேய்ந்தால் வருவது அழுகின முட்டை நாற்றம். மூன்று ஷேக்கரைக் குப்பையில் போட்ட பிறகுதான், மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அதைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்றே எனக்குத் தெரிந்தது. அந்த வளையத்துக்கு அடியில் நான் பார்த்ததை எந்த எதிரிக்கும் காட்ட மாட்டேன். நாலாவது ஷேக்கர் 'ஒழுகவே ஒழுகாது' என்ற உத்தரவாதத்தோடு வந்து, என் லேப்டாப் மேல் ஒழுகியது.

வயிறு. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் குமுறல் என்று வந்துவிட்ட பிறகு என்ன கூச்சம். முதல் வருடம் முழுக்க ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரே திகில், முழங்காலை நினைத்து இல்லை. பெல்ட்டை மாற்றினேன், மூச்சு விடும் முறையை மாற்றினேன், சாப்பாட்டில் பயறைக் குறைத்தேன். பயறு பாவம், அது ஒன்றுமே செய்யவில்லை. நான் வாங்கியது கான்சன்ட்ரேட் என்கிற வகை வே பவுடர். அதில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். உலகத்தில் வளர்ந்த மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அந்த லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துதான் போகிறது. ஐசோலேட் என்கிற இன்னொரு வகையில் பெரும்பாலும் அது நீக்கப்பட்டிருக்கும், விலைதான் கூட. விற்றவரிடம் வயிறு சரியில்லை என்று சொன்னதற்கு அவர் சொன்னது, "ரெண்டு வாரத்துல செட் ஆயிடும் தம்பி." ஒரு வருடம் ஆனது. செட் ஆனது நான் இல்லை, என்னைச் சுற்றி இருந்தவர்கள்தான்.

கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. இதுதான் எனக்கு இப்போது அதிகம் எரிகிறது. புரதம் எவ்வளவு என்பதை வழக்கமாக எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஜெல்டால் என்ற டேனிஷ்காரர் 1883-இல் கொண்டுவந்த முறை. நைட்ரஜனை அளந்து, பெரும்பாலும் 6.25-ஆல் பெருக்குவார்கள். அது புரதத்தை நேராகப் பார்ப்பதில்லை, நைட்ரஜனைத்தான் பார்க்கிறது. அதனால் கிளைசின், டாரின் மாதிரி நைட்ரஜன் உள்ள மலிவான சரக்கைக் கலந்தாலும் புரதக் கணக்கு ஏறிவிடும். 2008-இல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனத்தைக் கலந்து குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தார்களே, அங்கேயும் ஏமாற்றப்பட்டது இதே அளவைதான். நான் பார்க்கும் வழி ஒன்று உண்டு. நல்ல வேயில் 25 கிராம் புரதத்துக்கு லூசின் என்ற அமினோ அமிலம் சுமார் இரண்டரை கிராம் இருக்க வேண்டும். டப்பாவில் அமினோ அமிலப் பட்டியலே போடாமல், மூலப்பொருளில் மட்டும் கிளைசின் தனியாக உட்கார்ந்திருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன். இதையெல்லாம் மாஸ்டர் கேட்டாரா? ஷேக் எங்கே, ஷேக் எங்கே, அது ஒன்றுதான்.

அளவைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. 2018-இல் 49 ஆய்வுகள், 1800-க்கும் மேற்பட்ட ஆட்கள், எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்ததில், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வரைக்கும்தான் தசைக்குக் கூடுதல் பலன் தெரிந்தது, அதற்கு மேல் சராசரியில் ஏறவில்லை. 70 கிலோ ஆள் என்றால் 112 கிராம். ஒரு ஸ்கூப்பில், அதாவது டப்பாவுக்குள் கிடக்கும் அளவுக் கரண்டியில், வருவது 25 என்று வைத்தாலும் மீதி 87 கிராம் தட்டிலிருந்துதான் வர வேண்டும். முட்டையோ மீனோ பாலோ பயறோ, அந்த 87 எங்கே தம்பி என்று இரண்டு வருடத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை! அதே தொகுப்பில், புரதம் கூடுதலாக எடுத்தவர்களுக்கு எடுக்காதவர்களைவிடக் கொழுப்பில்லாத எடை எவ்வளவு கூடியது? சராசரியாக 300 கிராம். மீதியெல்லாம் பயிற்சியின் வேலை. அந்த 300 கிராமுக்காகத்தான் இன்றைக்கு எனக்கு இரங்கல் கூட்டம் நடந்தது.

அப்புறம் அந்த இன்னொரு வேதவாக்கு, 'ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் போனால் எல்லாம் சிறுநீரில் போய்விடும்' என்பது. 2023-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு ஒரே வேளையில் 100 கிராம் பால் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். அது 12 மணி நேரத்துக்கும் மேல் மெதுவாகச் செரித்துத் தசைக்குப் போய்க்கொண்டே இருந்தது, 25 கிராம் குடித்தவர்களைவிட நன்றாகவே. இந்த 30 கிராம் வசனத்தைச் சொன்ன அதே வாய்தான் "டபுள் ஸ்கூப் போடு" என்றும் சொன்னது. இரண்டும் ஒரே வாரத்தில்.

எதிர்ப்பக்கத்து ஆட்களும் சும்மா இல்லை. டப்பாவைப் பார்த்தாலே "ஸ்டீராய்டா?" என்கிறார்கள். ஸ்டீராய்டு ஹார்மோன் வகை, இது சீஸ் செய்யும்போது பிரிந்து வரும் நீரைக் காயவைத்த பொடி. பாலில் இருக்கும் புரதத்தில் சுமார் 20 சதவீதம் இதுதான், மீதி 80 கேசின் என்ற இன்னொரு புரதம். பாலைக் குடி என்று ஊட்டி வளர்த்தவர்களே இதற்குப் பதறுகிறார்கள். "கிட்னி போயிடும்" என்பது அடுத்தது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருப்பவர் மருத்துவர் சொல்லும் அளவைத்தான் கேட்க வேண்டும், அதில் விளையாட்டே கூடாது. ஆரோக்கியமாக இருப்பவரின் சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுத்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஒருபக்கம் குடித்தால் செத்தாய் என்கிறது, மறுபக்கம் அரை மணிக்குள் குடிக்காவிட்டால் செத்தாய் என்கிறது, நடுவில் நான் ஷேக்கரோடு நிற்கிறேன்.

வீட்டுக்கு வர இன்றைக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, வழியில் ஒரு வேலை. குளித்துவிட்டு, உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன், நாலு முட்டையோடு. டைமர் இல்லை. சமையல் மேடையில் ஷேக்கர் காலையில் வைத்த இடத்திலேயே, உள்ளே காய்ந்த பவுடரோடு. அதைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன். கொட்டின பிறகுதான் பார்க்கிறேன், போன வாரம் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவி மேலே கொண்டுவந்த ஸ்கூப் மறுபடி அடியில் புதைந்துவிட்டது.