சந்தி சிரிக்க வைத்தது யார்?

"சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது." எந்தக் கட்சி எதிர்வரிசையில் உட்கார்ந்தாலும் அதன் அறிக்கையில் இந்தத் தொடர் வந்துவிடும். அங்கே பொருளில் குழப்பமே இல்லை. ஆள்பவர்கள் கெடுத்தார்கள், ஊர் பார்த்துச் சிரிக்கிறது. இகழ்ச்சி முழுக்கத் தப்பு செய்தவர் தலையில்தான் விழுகிறது.

இதே தொடர் வீட்டுக்குள் வந்தால் ஆள் மாறிவிடுகிறது. என் ஆதங்கமே அதுதான்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண். புருஷன் அடிப்பதை ரொம்ப காலம் வெளியே சொல்லாமல் இருந்தவள், ஒருநாள் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டாள். சமாதானம் பேச எல்லோரும் கூடினோம். பெரியப்பா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "ஏம்மா, குடும்ப மானத்தை இப்படிச் சந்தி சிரிக்க வச்சிட்டியே?" அடித்தவனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கம் அந்தப் பேச்சு திரும்பவே இல்லை.

'சிரிக்கிறது' என்பது 'சிரிக்க வச்சிட்டே' என்று மாறும் இடத்தைக் கவனியுங்கள். செய்தவன் நழுவிவிடுகிறான், சொன்னவள் மாட்டிக்கொள்கிறாள். சரி, சிரித்தது யார் என்று கேட்டால் ஒரு பெயர்கூட வராது. 'நாலு பேர்' என்பார்கள். அந்த நாலு பேரும் பெரும்பாலும் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஊர்வாய்க்கு அஞ்சுவதுதான் நம் மரபு என்று இதற்கு நியாயம் வேறு சொல்கிறார்கள். முணுமுணுப்பாகக் கிளம்புவது அம்பல், ஊரறியப் பரவுவது அலர் என்று நம் அகப்பாடல்கள் ஊர்ப்பேச்சுக்குப் பெயரே வைத்திருக்கின்றன. அந்தப் பாடல்களில் வரும் பெண்கள் அலருக்கு வருந்தவும் செய்கிறார்கள், அதை மீறவும் செய்கிறார்கள். திருக்குறளில் 115ஆம் அதிகாரம் முழுக்க அலர் பற்றியதுதான். அதில் 1147ஆம் குறளின் தலைவி, ஊரார் பேச்சு எருவாகவும் அன்னையின் சொல் நீராகவும் இருந்து தன் காதல் நோயை வளர்க்கின்றன என்கிறாள். மரபைச் சொல்பவர்கள் இவளையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

இந்தத் தொடரை ஒழிக்கச் சொல்லவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களை நாணவைக்க இதைவிடக் காரமான தொடர் நம்மிடம் அதிகம் இல்லை. அதை அடி வாங்கியவள் மேல் வீசுவதுதான் அநியாயம். அடுத்த முறை இப்படி ஒரு சமாதானப் பேச்சில் உட்கார நேர்ந்தால், அடித்தவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: "உன்னாலதான்டா இந்தக் குடும்பம் சந்தி சிரிக்குது."